எந்தத் தரவுக்கு எந்தக் கருவி?

பள்ளிக் கூட்டுறவுக் கடையில் ஒரு வாரத்தில் எத்தனை பேனாக்கள் விற்றன என்று கணக்கிடத் தாளும் பென்சிலும் போதும். ஓராண்டு விற்பனையை மாதவாரியாக ஒப்பிட எக்செல் போன்ற விரிதாள் உதவும். ஆனால், பல கிளைகளைக் கொண்ட ஒரு பேரங்காடியில் நாள்தோறும் இலட்சக்கணக்கான பொருள்கள் விற்கப்படலாம். அத்தரவுகளை எப்படி ஆராய்வது?

தரவு பெருகும்போது அதற்கேற்பக் கருவியும் மாற வேண்டும். இதைக் கவனிக்கத் தவறியதால் 2020ஆம் ஆண்டு இங்கிலாந்தில் பெரும் சிக்கல் நேர்ந்தது. ஆய்வுக்கூடங்கள் கோவிட்-19 பரிசோதனை முடிவுகளைக் கோப்புகளாக அனுப்பின. பொதுச் சுகாதார அமைப்பு அவற்றை எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் சேர்த்தது. அவ்வடிவத்தின் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. ஒருவரின் முடிவே பல வரிசைகளை எடுத்துக்கொண்டதால் தாள் விரைவில் நிரம்பியது, மிஞ்சியவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை, தொற்றுக்கு ஆளான 15,841 பேரின் விவரங்கள் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. நோயாளிகளுக்கு அவர்களின் முடிவு தெரிவிக்கப்பட்டது. ஆயினும், அவர்களுடன் நெருங்கிப் பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமானது.

எக்செலின் புதிய வடிவத்தில் 1,048,576 வரிசைகள் உள்ளன. அதற்கும் எல்லை உண்டு. ஆகவே, பெரிய நிறுவனங்கள் தரவுகளைத் தரவுத்தளத்தில் சேமிக்கின்றன. பவர் பிஐ, டேப்லோ போன்ற வணிக நுண்ணறிவுக் கருவிகள் அத்தளத்துடன் இணைந்து, தேவையான விவரங்களை மட்டும் தொகுத்து வரைபடங்களாகக் காட்டுகின்றன. எந்தக் கிளையில் விற்பனை குறைந்தது, எந்தப் பொருள் தேங்கிக் கிடக்கிறது என்பதை மேலாளர் ஒரே திரையில் காணலாம்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் சில கேள்விகளுக்கு விடை காண வேண்டும். நாம் அறிய விரும்புவது என்ன? தரவு எவ்வளவு வேகமாகப் பெருகும்? கருவியைப் பயன்படுத்துவோர் நிரலாக்கம் அறிந்தவர்களா? பயனர்கள் கூடும்போது செலவு எவ்வளவு உயரும்? வாடிக்கையாளரின் தனிப்பட்ட விவரங்களை யார் யார் பார்க்க முடியும்? இவற்றுக்கு விடை தெரியாமல் விலையுயர்ந்த கருவியை வாங்கினாலும் பயனில்லை.

வாங்குவதற்கு முன் கருவியைச் சோதித்துப் பார்ப்பதும் அவசியம். இன்று உள்ளதைவிடப் பல மடங்கு தரவை அதில் ஏற்ற வேண்டும். பின்னர், அனுப்பிய வரிசைகளின் எண்ணிக்கையும் பதிவான வரிசைகளின் எண்ணிக்கையும் ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். இந்த எளிய சோதனை இங்கிலாந்தில் நேர்ந்த பிழையை முதல் நாளிலேயே காட்டிக் கொடுத்திருக்கும்.

கருவி தன்னிடம் உள்ள தரவை மட்டுமே கணக்கிடும். விடுபட்டது எது என்று கேட்பது மனிதரின் பொறுப்பாகும்.