நீண்ட எம்.சி.யும் நெஞ்சின் கலக்கமும்

 

வியாபாரி நோயில் படுத்தால் கடையும் கூடவே படுத்துவிடும் என்பது நம்மவர்களிடையே வேரூன்றிப்போன எண்ணம். அதனால் காய்ச்சலானாலும் கல்லாவை விட்டு இறங்கமாட்டோம். அப்படிப்பட்ட நம்மை 2024-ஆம் ஆண்டில் இருதய நோய் பிடித்துப் படுக்கையில் போட்டது. மார்பைத் திறந்து பைபாஸ் ஆபரேஷன் செய்தார்கள். மூன்று மாதம் கடைப்பக்கம் போகக்கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். உடம்பின் நோவைக்காட்டிலும் அந்த மூன்று மாதத்து மனக்கலக்கமே நம்மைப் பெரிதும் வாட்டியது. நமக்குள் இதை வாய்விட்டுப் பேசுவோர் குறைவு. ஆகவே எழுதத் துணிந்தோம்.

அறுத்த நெஞ்செலும்பு கூடிவர ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். அதுவரை கனமான பொருளைத் தூக்கலாகாது; கார் ஓட்டலாகாது. உடம்புக்கு வேலையில்லை. மனமோ ஓய்வதில்லை. இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். அரிசிக்காரருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கி, கடை வாடகை, இன்று கல்லாவை எண்ணியது யார், நாம் படுத்துவிட்ட செய்தி தெரிந்து கடனுக்குச் சரக்குக் கொடுப்பதை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம், எல்லாம் வரிசையாக வந்து தலைமாட்டில் நிற்கும். நெஞ்சு படபடக்கும். உடனே, 'மறுபடியும் மாரடைப்போ' என்ற அச்சம். அச்சப்பட்டால் இருதயம் வேகமாக அடிப்பது உடம்பின் இயற்கை. அதைக் கண்டு இன்னும் அச்சம். செக்கு மாடு சுற்றுவதுபோல் விடியும்வரை இதே சுற்று.

இதிலே ஓர் எச்சரிக்கை. நெஞ்சு இறுகி, வலி கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத்திணறலும் வந்தால், அதை வெறும் மனப்பயம் என்று ஒதுக்காமல் 999-க்குப் போன் செய்யவேண்டும். பயமா நோயா என்று தீர்மானிப்பது டாக்டரின் வேலை. நாமும் தூக்கமின்மையை டாக்டரிடம் சொல்ல வெட்கப்பட்டு ஒரு மாதத்தை வீணாக்கினோம். சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. இருதய ஆபரேஷன் ஆனவர்களில் பலருக்கு இக்கலக்கம் வருவதுண்டு என்றும், அதற்கும் சிகிச்சை உண்டு என்றும் கூறினார். மூச்சை மெதுவாக விடவும், தினமும் சிறிது சிறிதாக நடக்கவும் பழக்கினார்கள். முதல் நாள் ஐந்து நிமிடம். பின்பு தெருமுனை வரை. பின்பு பள்ளிவாசல் வரை சென்று நாற்காலியில் அமர்ந்து தொழுதோம்.

கடைக்கவலைக்கு மருந்து வேறு. நாள் முழுதும் கடைக்குப் போன் செய்வதை நிறுத்தினோம். அஸருக்குப் பிறகு அரைமணி நேரம் மட்டும் மச்சான் கணக்கைக் கொண்டுவந்து காட்டுவார். இரவில் எழும் கவலையைத் தலைமாட்டில் ஒரு நோட்டில் எழுதிவைத்து, அந்த அரைமணிக்குத் தள்ளிவிடுவோம். பகலில் பார்த்தால் பாதிக்கு மேல் ஒன்றுமில்லாததாக இருக்கும். சரக்குக் கொடுப்பவர்களுக்கு நாமே பேசி, 'இன்ன தேதிவரை இவ்வளவுதான் தரமுடியும்' என்று உண்மையைச் சொன்னோம். ஒருவர் மட்டும் முகம் சுளித்தார். மற்றவர்கள் தவணை கொடுத்தார்கள். நாம் இல்லாமலும் கடை நடந்தது. மறைப்பானேன், அது நமக்குச் சற்று வருத்தமாகவும் இருந்தது!

பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கீ, கி.பி. 934-இல் காலமானவர், உடம்பின் நலத்தையும் மனத்தின் நலத்தையும் ஒரே கிதாபில் எழுதினார். ஒன்று நோயுற்றால் மற்றதையும் அது தாக்கும் என்பது அவர் கருத்து. வீட்டில் மருந்து சேர்த்து வைப்பதுபோல், மனம் தெளிந்திருக்கும் வேளையில் நல்ல எண்ணங்களைச் சேர்த்துவைத்து, அச்சம் வரும்போது எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது அவர் யோசனை. நம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அப்படிச் சில எழுதிவைத்தோம். அவற்றுள் ஒன்று: ரமலானில் நோயாளிக்கு நோன்பை விட்டுப் பின்னர் நோற்க மார்க்கமே சலுகை கொடுத்திருக்க, கடையை மூன்று மாதம் விட்டிருப்பதில் என்ன வெட்கம்?

இனி, எழுத மனம் கூசும் ஒரு விஷயம். 2022-இல் நம் கடைச் சிப்பந்தி ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்து, இரண்டு மாத எம்.சி.யில் இருந்தார். நாம் தினமும் அவருக்குப் போன் செய்து, 'தம்பி, எப்போது வருகிறீர்?' என்று கேட்டோம். நலம் விசாரிப்பதாகத்தான் அப்போது எண்ணம். ஐந்தாவது வாரமே அவர் நொண்டிக்கொண்டு வந்து நின்றார். நாமும் தடுக்கவில்லை. அந்தக் காலுக்கு மறுபடியும் ஆபரேஷன் தேவைப்பட்டது.

நாம் படுத்திருந்தபோது அவர் பார்க்க வந்தார். இரவில் தூக்கம் இல்லை என்றோம். சற்று நேரம் பேசாமலிருந்து, "எனக்கும் அப்படித்தான் இருந்தது முதலாளி. போன் அடித்தாலே, வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைப்பேன்" என்றார்.

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தொழிலாளிக்கு அவருடைய சேவைக்காலத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் நோய் விடுமுறை உண்டு. ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய நோய்க்கு 60 நாள் வரை உண்டு. இது நாம் இரக்கப்பட்டுக் கொடுப்பதல்ல. இதை அந்தத் தம்பிக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார், காலும் கூடியிருக்கும். அவரிடம் மாப்புக் கேட்டோம்.

இப்போது நம் கடையில் யாராவது எம்.சி. எடுத்தால், முதல் நாளில் ஒரு முறை நாமே பேசுகிறோம். வேலை இருக்கிறது, சம்பளம் இன்ன தேதியில் வரும், டாக்டர் சொல்லும் நாளுக்கு முன் வரவேண்டாம் என்று சொல்லிவிடுகிறோம். அதன் பிறகு விசாரிக்க வேண்டுமானால், கையில் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கே போகிறோம்.