கேட்கும் உரிமையும் கேட்டுப் பெறும் முறையும்

மணியாச்சி என்றதும் வெளியூரார் பலருக்கு 1911-ஆம் ஆண்டு அந்த ரயில் நிலையத்தில் நடந்த நிகழ்ச்சியே நினைவுக்கு வரும். அவ்வூரைச் சூழ்ந்த கரிசல் காட்டில் பாடுபடும் உழவருக்கோ நினைவெல்லாம் வானத்தின் மீதுதான். உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் பருத்தியும் மழையை நம்பியே விதைக்கப்படுகின்றன. மழை எப்பொழுது வரும், படைப்புழு கண்ட மக்காச்சோளத்திற்கு என்ன செய்யலாம், சந்தையில் இன்று என்ன விலை என்னும் செய்திகள் அவருக்கு விதையைப் போலவே இன்றியமையாதவை. இச்செய்திகள் ஊரில் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிட்டுகின்றனவா என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

பயிர்க் காப்பீட்டையே எடுத்துக்கொள்வோம். 2016 முதல் நடைபெற்று வரும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ஆலங்கட்டி மழை போன்ற இடர் ஒருவருடைய நிலத்தை மட்டும் தாக்கினால், 72 மணி நேரத்திற்குள் அவர் தகவல் தரவேண்டும். கைபேசியில் இரண்டு நிமிட வேலை. ஆனால் கண்மாய்க் கரையில் ஏறி நின்றால்தான் சிக்னல் கிடைக்கும் என்ற நிலையிலுள்ள தெருக்களை நாம் சுற்றுப்பயணத்தில் கண்டிருக்கிறோம். மகன் வெளியூரில், வீட்டில் இருப்பதோ பேசுவதற்கு மட்டும் உதவும் பழைய கைபேசி. அத்தகைய வீட்டில் அந்த மூன்று நாட்கள் எளிதில் கழிந்துவிடும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. பல ஊர்களில் கைபேசிகள் ஊமையாகிவிட, உற்றார் உயிரோடிருக்கும் செய்தியை அறியவே மக்கள் தவித்தனர்.

கிராமத்திற்குச் செய்தி கொண்டு செல்லும் முயற்சி புதிதன்று. 1956-இல் பூனாவைச் சுற்றிய ஐந்து மாவட்டங்களில், 150 கிராமங்களில், யுனெஸ்கோ உதவியுடன் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. ஊரார் இருபது பேர் அளவில் கூடி ஒலிபரப்பைக் கேட்பர். பிறகு தமக்குள் விவாதித்து, எழுந்த ஐயங்களை நிலையத்திற்கு எழுதுவர். 1959-இல் இம்முறை நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963-இல் தொடங்கியது. ஆனால் ஊர்ப் பொதுவில் வைத்த பெட்டி உண்மையில் பொதுவாக இருந்ததா? மந்தையில் பெட்டி இருந்தால் காலனியார் தொலைவில் நின்றும், பெண்கள் வீட்டுத் திண்ணையிலிருந்துமே கேட்டனர் என்று முதியோர் நம்மிடம் கூறியதுண்டு. பெட்டி வைக்கும் இடமே யார் கேட்பது என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. இன்றைய கண்ணாடி இழைக்கும் இது பொருந்தும்.

இனி, கேட்டுப் பெற்றவர்களின் வரலாற்றைக் காண்போம். 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுச் சொத்து என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததும் மக்கள் கையில் வானொலி வந்துவிடவில்லை. தெலங்கானாவில் அன்றைய மேடக் மாவட்டத்தைச் சேர்ந்த மாச்சனூரில், தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சார்ந்த தலித் பெண்கள், யுனெஸ்கோ உதவியால் 1998 அளவில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றைப் பெற்றனர். உரிமம் கிடைக்கவில்லை. அதற்காக அவர்கள் கூடத்தைப் பூட்டி வைக்கவில்லை. விதைப் பாதுகாப்பு, சிறுதானியம், மருத்துவம், பாடல் என்று நாடாக்களில் பதிவு செய்து, சங்கக் கூட்டங்களில் போட்டுக் கேட்டனர். உரிமை வேண்டும் என்ற கோரிக்கையையும் விடாது எழுப்பினர். தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று மத்திய அரசு 2006 நவம்பரில் கொள்கையை மாற்றியது. 2008 அக்டோபர் 15 அன்று சங்கம் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1995 தீர்ப்பை எழுதிய நீதிபதிகளுள் ஒருவரான பி. பி. சாவந்த் அவர்களே அதனைத் தொடங்கி வைத்தார். இப்பெண்கள் நம் கரிசல் மக்களைப் போலவே மானாவாரி உழவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். பத்தாண்டுகள் அவர்கள் வெறுமனே காத்திருக்கவில்லை. தம்மால் நடத்த முடியும் என்பதற்குச் சான்று சேர்த்துக்கொண்டிருந்தார்கள். நாம் பயில வேண்டிய பாடங்களுள் இதுவே முதன்மையானது என்பது நம் கருத்து.

புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அமைத்த கிராம அறிவு மையங்களும் எண்ணத்தக்கவை. மீனவர்க்கான அலை நிலவரம் அங்கே ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து உறவினர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்தார் அந்த ஒலிபெருக்கியால் ஊரை எழுப்பி உயிர் தப்பினர். படிப்பறிவில்லாத பாட்டிக்கும் ஒலிபெருக்கி கேட்கும். பெரும் பொருட்செலவும் இல்லை. கைபேசி வந்தபின் இதனை நாம் இகழத் தொடங்கியது தவறு.

பாரத்நெட் திட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழை இணைப்பு வகுக்கப்பட்டது. ஊராட்சி அலுவலகத்தில் கருவி பொருத்தியதோடு வேலை முடிந்ததென்று கருதலாகாது. அறையின் சாவி யாரிடம்? மின்சாரம் நின்றால் மாற்று ஏற்பாடு உண்டா? பள்ளி, நூலகம், காலனிச் சமுதாயக் கூடம் ஆகியவற்றிற்கு இணைப்பு நீளுமா? இவற்றை ஊரார் கேட்க வேண்டும். கேட்கும் இடம் கிராம சபை. அங்கத்தினர்களின் பதவிக்காலம் முடியலாம்; வாக்காளர் அனைவரும் உறுப்பினராயுள்ள கிராம சபைக்கு முடிவு இல்லை.

"எங்கள் ஊருக்கு டவர் வேண்டும்" என்று ஒற்றை வரித் தீர்மானம் எழுதி அனுப்புவது வழக்கமாகிவிட்டது. அத்தகைய தாள்கள் கோப்பிலேயே உறங்குவதை நாம் அறிவோம். எந்தத் தெருவில் எந்த நிறுவனத்தின் சிக்னல் எட்டவில்லை, அங்குள்ள குடும்பங்கள் எத்தனை, காப்பீட்டுத் தகவல் தர இயலாமற்போனவர் எத்தனை பேர், டவருக்கு ஏற்ற புறம்போக்கு நிலம் உண்டா என்று இளைஞர் இருவர் இரண்டு நாள் நடந்து குறித்தால், அத்தீர்மானத்திற்கு மறுமொழி எழுதாமல் எந்த அலுவலகமும் தப்ப இயலாது. மறுமொழி வராவிடில் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு எழுதலாம். சமுதாய வானொலியை ஊராட்சி தானே நடத்த இயலாது; மூன்று ஆண்டுகள் பதிவு பெற்ற லாபநோக்கற்ற சங்கமோ, கல்வி நிலையமோ, வேளாண் அறிவியல் நிலையமோதான் விண்ணப்பிக்கலாம். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூரில் உருவாக வேண்டும் என்பது விதி. அதுவரை மாச்சனூரார் வழியில், முன்னோடி உழவர் ஒருவரின் பேச்சைக் கைபேசியில் பதிந்து, வாரம் ஒரு மாலை காலனியிலும் மந்தையிலும் மாறி மாறிக் கேட்கச் செய்யலாமே.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடுகிறது. புரட்டாசி விதைப்புக்கு முன் குறை தீரவேண்டுமாயின் மே மாதச் சபையிலேயே தீர்மானத்தை வைத்தல் நலம். படி ஒன்றை நம் அலுவலகத்திற்கும் அனுப்புக. பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பம் வாங்க மறவாதீர்.