மாப்பிள்ளைக்கு ஒரு ரேசர்

கணபதி, கோவை.

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நேற்று ராத்திரி நீ போனில் அனுப்பிய படத்தைப் பார்த்தேன். ஐந்து பிளேடு வைத்த ரேசர், கூடவே நான்கு கார்ட்ரிட்ஜ், தள்ளுபடி இன்றிரவு வரைதான் என்று சிவப்பில் எழுதியிருந்தது. "வாங்கிடட்டுமா மாமா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்தால் மனசு கேட்கவில்லை. காரணம் சொல்லாமல் வேண்டாம் என்றால் அது வெறும் அதட்டல். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். டூட்டி முடிந்து வந்து நிதானமாகப் படி.

பொங்கலுக்கு வந்திருந்தபோதே உன் கழுத்தைக் கவனித்தேன். தாடைக்குக் கீழே, காலர் உரசுகிற இடத்தில், வேர்க்குரு மாதிரி சிவந்து கிடந்தது. உடம்புச் சூடு என்று உன் அம்மா இளநீர் வாங்கிக் கொடுத்தாள். அது சூடு இல்லை கண்ணு. பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஒன்றிரண்டு கொப்புளத்துக்குள் முடி கறுப்பாகச் சுருண்டு கிடந்தது தெரிந்தது. வெளியே வரவேண்டிய முடி தோலுக்குள்ளேயே திரும்பி வளர்ந்திருக்கிறது. ஹோட்டல் ட்ரெய்னிங்கில் ஒரு நாள் ஷேவ் பண்ணாமல் போனால்கூடத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்று நீயே சொன்னாய். சமையல்காரனுக்குக் கத்தி எப்படியோ, இப்போது உனக்கு ரேசர் அப்படி. தள்ளுபடி பார்த்து வாங்குகிற சாமான் இல்லை.

முடி எப்படி உள்ளே போகிறது என்று சொல்கிறேன். பல பிளேடு ரேசரில் முன்னால் போகிற பிளேடு முடியைப் பிடித்துக் கொஞ்சம் வெளியே இழுக்கிறது. முடி திரும்ப உள்ளே போவதற்குள் பின்னால் வருகிற பிளேடு அதை வெட்டிவிடுகிறது. வெட்டுப்பட்ட முடி தோல் மட்டத்துக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். நேர்முடிக்காரனுக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை, கன்னம் வழவழவென்று இருக்கும். உனக்கும் எனக்கும் உன் தாத்தாவுக்கும் சுருட்டை முடி. அது மறுபடி வளரும்போது நேராக வெளியே வராமல் தோலையே குத்துகிறது. ஒரு பிளேடு போதாதென்று 1971-இல் இரண்டாக்கினார்கள், 1998-இல் மூன்று, 2003-இல் நான்கு, 2006-இல் ஐந்து. நம்ம மாதிரி கழுத்துக்கு அந்தக் கணக்கில் ஏறியதெல்லாம் எரிச்சல்தான்.

ஆகவே உனக்கு வேண்டியது ஒற்றை பிளேடு. கழற்றி மாட்டுகிற பழைய சேப்டி ரேசர். இரண்டு பக்கமும் கூரான மெல்லிய பிளேடு போடுவது.

அதை விற்க ஆரம்பித்தவர் கிங் கேம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர். அதுவரை பெரும்பாலும் தீட்டித் தீட்டி ஆயுசுக்கும் வைத்துக்கொண்ட சவரக்கத்திதான். தேய்ந்தால் தூக்கிப் போடுகிற அளவுக்கு மெல்லிய தகட்டில் கூர் பிடிக்க முடியாது என்று எஃகு தெரிந்தவர்களே அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற இன்ஜினியர்தான் அதற்கு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார். 1903-இல் விற்பனைக்கு வந்தது. அந்த வருஷம் முழுக்கப் போனது 51 ரேசரும் 168 பிளேடும். இன்றைக்கும் நீ பெட்டிக்கடையில் வாங்குகிற பிளேடு ஏறக்குறைய அதே அமைப்புத்தான், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம்.

முப்பது வருஷம் லேத்தில் நின்று டூல் பிட் தீட்டியவன் நான். அந்தக் கண்ணோடு பார்த்தால் இந்த ரேசரின் அழகு எங்கே இருக்கிறது தெரியுமா? தட்டையாகக் கிடக்கும்போது பிளேடு காகிதம் மாதிரி துவளும். மேல்மூடிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் வைத்துக் கைப்பிடியை முறுக்கினால், மூடியின் வளைவுக்கு அதுவும் வளைந்து விறைப்பாகிவிடும். அந்த வளைவுதான் பிளேடுக்கு முதுகெலும்பு. கூர் எந்தக் கோணத்தில் நிற்க வேண்டும், எவ்வளவு வெளியே நீட்ட வேண்டும் என்பதெல்லாம் அந்த இரண்டு தட்டிலேயே முடிவாகிவிடுகிறது. ஸ்பிரிங் இல்லை, பட்டன் இல்லை, ரப்பர் இல்லை. மூடி, அடித்தட்டு, கைப்பிடி மூன்றே உறுப்பு. மூன்றையும் கழற்றிக் குழாயடியில் காட்டினால் ஒரு முடிகூட உள்ளே தங்காது. திருகினால் மேலே இரண்டு கதவு திறக்கிற மாதிரியும் வருகிறது. அது பார்வைக்கு நன்றாக இருக்கும், ஆனால் சோப்பும் உப்பும் போய் அடைந்தால் கதவு இறுகிவிடும். அதை விட்டுவிடு.

கடைக்கே போய்க் கையில் எடுத்துப் பார்த்து வாங்கு. பத்து வருஷம் முன்னால் நான் விலை மலிவென்று ஒன்று வாங்கி அவதிப்பட்டேன். அடித்தட்டு லேசாகக் கோணல். ஒரு பக்கம் பிளேடு நூலளவு நீட்டிக்கொண்டிருந்தது, மறுபக்கம் உள்ளே பதுங்கியிருந்தது. ஒரு கன்னம் வெட்டுப்பட்டது, இன்னொரு கன்னத்தில் முடியே போகவில்லை. என் கைதான் சரியில்லை என்று ஒரு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். நீ பிளேடை மாட்டி முறுக்கிய பிறகு ரேசரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, வெளிச்சத்தைப் பார்த்து இரண்டு பக்கமும் பார். பிளேடுக்கும் கீழே இருக்கும் தடுப்புக்கும் நடுவில் ஒரு இடுக்கு தெரியும். அது இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை ஒரே அளவாக, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லையென்றால் அங்கேயே திருப்பிக் கொடு. தடுப்பு சீப்புப் பல் மாதிரி இருப்பதை எடுக்காதே, அது நீளத் தாடிக்கு. நேர்ப் பட்டை வைத்ததை எடு. உள்ளங்கையில் வைத்தால் தலைப்பக்கம் கொஞ்சம் கனம் தெரியவேண்டும். நானூறு ஐநூறு ரூபாய்க்குள் நல்லதே கிடைக்கும். துத்தநாகக் கலவையில் வார்த்து மேலே முலாம் பூசியதாகத்தான் அது இருக்கும். பரவாயில்லை, ஈரத்தோடு மூடிவைக்காமல் துடைத்து வைத்தால் பல வருஷம் வரும். வேலைக்குச் சேர்ந்து சம்பளம் வாங்கும்போது பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ வாங்கிக்கொள்.

தாத்தாவின் ரேசரைக் கேட்காதே. அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது, ஆனால் மரை தேய்ந்து தலை ஆடுகிறது. ஆடுகிற ரேசர் கழுத்துக்கு ஆகாது.

அவர் ஷேவ் பண்ணுவதைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன். தப்பாகத்தான் முதலில் கற்றேன், அதையும் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருவார். டவராவில் வெந்நீர், ஒரு பிரஷ், வட்டச் சோப்பு. சோப்பை நுரைப்பதிலேயே பாதி நேரம் போய்விடும். எனக்குப் பொறுமையில்லை. பதினேழு வயசில் அவர் இல்லாத நேரத்தில் ரேசரை எடுத்து, பச்சைத் தண்ணீரை முகத்தில் தெளித்துக்கொண்டு, பென்சில் சீவுகிற மாதிரி அழுத்தி இழுத்தேன். மோவாயில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. அவர் வந்து பார்த்துவிட்டுத் திட்டவில்லை. படிகாரக் கட்டியை நனைத்துத் தேய்த்துவிட்டு, ரேசரைக் கைப்பிடியின் நுனியில் இரண்டு விரலால் பிடிக்கச் சொல்லி என் கன்னத்தில் வைத்தார். "நீ தள்ளாதே, அதுவே இறங்கட்டும்" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் ரேசரை எடுக்கும்போதெல்லாம் அந்தக் குரல் காதில் விழுகிறது.

நீயும் தள்ளாதே. கார்ட்ரிட்ஜில் பழகிய கைக்கு அழுத்துகிற வழக்கம் இருக்கும், முதல் வாரம் அதை மறக்கவேண்டும். மூடியின் மேல்பகுதியைக் கன்னத்தில் படுக்கவைத்து, பிளேடு தோலைத் தொடும்வரை கைப்பிடியை மெதுவாகக் கீழே இறக்கு. சரக் சரக்கென்று சத்தம் கேட்கும் பார், அதுதான் கோணம். தோலோடு ஏறக்குறைய 30 டிகிரி வரும். சத்தம் நின்றால் கோணம் தப்பிவிட்டது என்று அர்த்தம். கரகரவென்று கேட்டால் பிளேடு தேய்ந்துவிட்டது.

ஷேவுக்கு முன்னால் தண்ணீர் முக்கியம், ரேசரைவிடவும் முக்கியம். முடி தண்ணீரில் ஊறினால் பாதி வேலை முடிந்தது. குளித்துவிட்டு வந்து ஷேவ் பண்ணு, இல்லையென்றால் வெந்நீரில் நனைத்த துண்டை இரண்டு மூன்று நிமிஷம் முகத்தில் வை. இங்கே நம் சிறுவாணித் தண்ணீரில் சோப்பு சும்மா பொங்கும். சென்னையில் உன் ரூமில் வருவது போர் தண்ணீர், உப்பு. அதில் நுரை தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும், மழுங்கிய பிளேடுக்குச் சமம் அது. ஒரு டம்ளர் கேன் தண்ணீரைச் சுடவைத்து நுரைக்கு மட்டும் எடுத்துக்கொள். பிரஷ்ஷால் தோசை மாவுப் பதத்துக்கு வரும்வரை சுற்று. குமிழி தெரிந்தால் இன்னும் ஆகவில்லை.

கழுத்தில் முடி ஒரே பக்கம் சாய்ந்திருக்காது. லீவு வருகிற நேரத்தில் இரண்டு நாள் வளரவிட்டு விரலால் தடவிப் பார். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் முடியின் வாக்கு. உனக்குக் கீழிருந்து மேலாகக்கூட இருக்கலாம். அந்த வாக்கிலேயே இழு, எதிர்வாக்கில் போகாதே. ஒரு தடவை போதவில்லையென்றால் மறுபடி நுரை போட்டு இன்னொரு தடவை. வெறும் தோலில் பிளேடு ஓடவே கூடாது. அதற்கு மேல் வழவழப்பு வேண்டாம், உன் சூப்பர்வைசர் தள்ளி நின்றுதான் பார்ப்பார், கன்னத்தைத் தடவிப் பார்க்கமாட்டார்.

பிளேடில் இதுதான் நல்லது என்று நான் சொல்லமாட்டேன். நாங்கள் பாரத், டோபாஸ் என்று வளர்ந்தோம், உன் தோலுக்கு எது சேரும் என்பது உன் தோலுக்குத்தான் தெரியும். இரண்டு மூன்று வகையில் ஒவ்வொரு பாக்கெட் வாங்கிப் பார். நான்கு ஷேவுக்கு மேல் ஒரு பிளேடை ஓட்டாதே. முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மிருது, ஆனாலும் பிளேடு கெடுகிறது. எப்படி என்று அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்டார்கள். கூர் உருண்டு தேய்வதைவிட, முடி வளைந்து மோதுகிற இடத்தில் விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடுகிறதாம். பட்டறையில் டூல் பிட் முனை பெயர்வதைப் பார்த்தவனுக்கு அது உடனே புரிந்தது. விளிம்பைத் துண்டால் துடைக்காதே, அதன் மேல் மெல்லிய டெஃப்லான் பூச்சு இருக்கிறது. உதறிக் காயவை.

செலவையும் போட்டுப் பார்த்தேன். மாதம் 26 நாள் என்றால் வருஷத்துக்கு 312 ஷேவ். 78 பிளேடு, மூன்று ரூபாய் வீதம் 234 ரூபாய். நீ காட்டிய கார்ட்ரிட்ஜை 150 ரூபாய் என்று வைத்து, ஒன்றைப் பன்னிரண்டு தடவை ஓட்டினாலும் 3,900 ரூபாய். உன் ஸ்டைபண்டில் அது சின்னத் தொகை இல்லை.

இதெல்லாம் காலை ஷிப்டுக்கு ஓடுகிற அவசரத்தில் முடியாது என்று தோன்றினால், மலிவான ஒற்றை பிளேடு கார்ட்ரிட்ஜ் ரேசராவது வாங்கு. ஜில்லெட் கம்பெனி முதலில் வெக்டர் என்று ஒன்றை நம் ஊருக்காகச் செய்து, அமெரிக்காவில் படிக்கும் இந்திய மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தது. அவர்களுக்குப் பிடித்திருந்தது. இங்கே வந்து அடிவாங்கியது, ஏனென்றால் குழாய்த் தண்ணீருக்குப் பதில் ஒரு கிண்ணத் தண்ணீரில் ஷேவ் பண்ணுகிறவர்களிடம் முடி அடைத்துக்கொண்டது. அதன் பிறகுதான் ஆட்கள் வந்து வீடு வீடாக உட்கார்ந்து பார்த்து, ஒரே பிளேடோடு கார்டு என்ற ரேசரை 2010-இல் பதினைந்து ரூபாய்க்குக் கொண்டுவந்தார்கள். தரையில் உட்கார்ந்து ஷேவ் பண்ணுகிறவன் தோளுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துச் செய்த சாமான் அது, எனக்கு அதன் மேல் மரியாதை உண்டு.

இன்னொன்று, இதை நீ கட்டாயம் கேட்கவேண்டும். பழைய பிளேடைக் குப்பையில் போடாதே. பேப்பரில் மடித்தும் போடாதே, பேப்பர் நனைந்து கிழிந்துவிடும். காலையில் உங்கள் தெருவில் குப்பை பிரிக்கிற அம்மா வெறுங்கையோடுதான் பிரிப்பாள். ஒரு தகர டப்பாவை மூடி போட்டு ஒட்டி, மேலே உண்டியல் மாதிரி ஒரு கீறல் போட்டு, பாத்ரூமில் வை. பிளேடை அதில் போடு. டப்பா நிறைவதற்குச் சில வருஷம் ஆகும். நிறைந்ததும் இங்கே கொண்டுவா, பட்டறை இரும்போடு சேர்த்து உருக்கப் போடச் சொல்கிறேன். டப்பா ஒன்றுக்கு நானே கீறல் போட்டு வைத்திருக்கிறேன், உன் அம்மா அடுத்த வாரம் வரும்போது கொண்டுவருவாள். படிகாரக் கட்டியும் அதற்குள் இருக்கும். நீ ஊருக்கு விமானத்தில் வருவதானால் பிளேடைக் கைப்பையில் வைக்காதே, எடுத்துவிடுவார்கள்.

இப்போதைக்கு ஒன்று செய். வார லீவோடு இன்னொரு நாள் கேட்டு வாங்கிக்கொண்டு, அந்த இரண்டு நாளும் கழுத்தில் எதையும் வைக்காதே. உள்ளே சுருண்ட முடியை ஊசியால் கிளறாதே. சீழ் வைத்திருந்தால் தோல் டாக்டரிடம் போ, மாமா வைத்தியம் அதற்கு வேண்டாம். புது ரேசரில் முதல் ஷேவ் முடிந்ததும் கழுத்தைப் படம் எடுத்து அனுப்பு. விளக்கு வெளிச்சத்தில் எடுக்காதே, ஜன்னல் பக்கம் நின்று எடு.

அன்புடன்,
மாமா