மிஞ்சிய சோறும் ஒரு கணக்குத்தான்



பொங்கல் விழா முடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போது எரவாடா மத்திய சிறையின் நீண்ட மதிலைக் கடந்தோம். 1932 செப்டம்பரில் காந்தியடிகள் உண்ணாவிரதம் இருந்த இடம் என்று மகளுக்குக் காட்டினேன். அவள் கேட்டது வேறு: "அப்பா, உள்ள இருக்கறவங்களுக்குச் சமைச்சு மிஞ்சினா என்ன பண்ணுவாங்க? நாம இன்னைக்கு ரெண்டு அண்டா சாதத்தைக் கொட்டினோமே, அப்படிக் கொட்டுவாங்களா?"

விழாவின் சமையல் பொறுப்பு என்னுடையது. என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதன்பின் படித்தும் கணக்குப் போட்டும் அறிந்ததையே இங்கே எழுதுகிறேன்.

சிறைச் சமையல் அளந்து செய்யப்படுவது. 2003-இல் வெளியான மாதிரிச் சிறைக் கையேடு ஒருவருக்கு நாளொன்றுக்குத் தானியம் 600 கிராம், பருப்பு 100 கிராம், காய்கறி 250 கிராம் என்று வகுத்தது. ஆயிரம் பேர் உள்ள சிறையில் தானியம் மட்டும் 600 கிலோ. அதில் பத்தில் ஒரு பங்கு வீணாவதாக வைத்துக்கொள்வோம். தினமும் 60 கிலோ! சோறாக வடித்தால் 150 கிலோவுக்கும் மேல்.

அளந்து போட்டும் ஏன் மிஞ்சுகிறது? காலையில் எண்ணிய தலைகளில் சிலர் கோர்ட்டுக்குப் போவார்கள். சிலர் ஜாமீனில் வெளியேறுவார்கள். இரவுச் சாப்பாட்டை மாலையில் அறைகளைப் பூட்டுமுன்பே கொடுத்துவிடுவது வழக்கம். பசிக்கும் நேரத்தில் சப்பாத்தி விறைத்திருக்கும். பாதி வெந்ததும் கருகியதும் தட்டிலேயே நின்றுவிடும்.

மிஞ்சியதை என்ன செய்யலாம்? இதற்கு நம் புனேயிலேயே ஒரு விடை பிறந்தது. கர்வே ரோடு நம் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயருக்குரிய மகரிஷி தோண்டோ கேசவ் கர்வேயின் பேரர், விஞ்ஞானி டாக்டர் ஆனந்த் கர்வே. அவருடைய 'ஆர்த்தி' நிறுவனம் சமையலறைக் கழிவில் இயங்கும் சிறிய எரிவாயுக் கலத்தை உருவாக்கி, 2006-இல் லண்டனின் ஆஷ்டன் விருதைப் பெற்றது.

அதன் தத்துவம் எளிது. சாண எரிவாயுவைத் தரும் நுண்ணுயிர்கள் மாட்டின் வயிற்றில் வாழ்பவை. மாடு தின்று செரித்ததுபோக மிஞ்சியதே சாணம். அதில் சத்து குறைவு. அதே நுண்ணுயிர்களுக்கு மாவுப்பொருளை நேரடியாகக் கொடுத்தால் வாயு விரைவாகவும் அதிகமாகவும் வரும். சுமார் 2 கிலோ மாவுப்பொருளில் அரை கிலோ மீத்தேன் கிடைக்கும் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. கழுநீர்த் தொட்டியில் வடிகஞ்சியை ஊற்றி மாட்டுக்கு வைத்த நம் பாட்டிமார்கள் இதைக் கேட்டால் வியக்கமாட்டார்கள்.

இனி நம் 60 கிலோவுக்கு வருவோம். அது 15 கிலோ மீத்தேன் தரும். ஏறக்குறைய வீட்டுக்கு வரும் ஒரு கேஸ் சிலிண்டருக்குச் சமம். லாபம் என்று தோன்றுகிறதல்லவா? கடையில் 60 கிலோ அரிசி என்ன விலை, ஒரு சிலிண்டர் என்ன விலை என்று கேட்டுப் பாருங்கள். சோற்றை வாயுவாக்குவது, கொட்டுவதைவிட மேல், உண்பதைவிட நஷ்டம். கலம் இருக்கிறதே என்று தாராளமாக வடித்தால் நாம் ஏமாந்தவர்கள்.

எனவே வரிசை இதுதான். முதலில் மிஞ்சாமல் சமைப்பது. அடுத்து, பந்திக்கு வராமல் நல்ல நிலையில் மிஞ்சியதை உடனே பசித்தவருக்குக் கொடுப்பது. பிறகு கால்நடைத் தீவனம். அதன்பின் எரிவாயு, உரம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மன்ரோ சிறைக் கைதிகள் 2010-இல் சில நூறு மண்புழுக்களுடன் தொடங்கிய உரப்பண்ணை, பின்னர் லட்சக்கணக்கான புழுக்களாகப் பெருகியது. குப்பைச் செலவு குறைந்தது. அவர்களுக்குக் கைத்தொழிலும் கிடைத்தது.

ஒன்றை மறக்கக்கூடாது. வீணைக் குறைக்கிறோம் என்று கைதியின் 600 கிராமில் கை வைப்பது நியாயமன்று. அந்த அளவு அவரது உரிமை. பிடிக்காவிட்டால் ஓட்டலுக்குப் போக அவரால் முடியாது. குறைக்க வேண்டியது கருகலையும் தவறான தலைக்கணக்கையுமே. சோறு பதமாகவும் சூடாகவும் வந்தால் தட்டு தானே காலியாகும்.

நம்மை யாரும் பூட்டி வைக்கவில்லை. ஆனாலும் இரண்டு அண்டா கொட்டினோம். அடுத்த விழாவுக்கு வருவோரின் எண்ணிக்கையை முன்கூட்டியே கேட்டு எழுதப்போகிறேன். அரிசியை இரண்டு தவணையாக உலையில் போடுவோம். முதல் பந்தியைப் பார்த்த பிறகே இரண்டாவது.

சிறுவர் சிறுமியருக்கு ஒரு பயிற்சி: ஒரு வாரம் உங்கள் வீட்டில் மிஞ்சும் சோற்றைத் தினமும் நிறுத்து எழுதுங்கள். அதை 52-ஆல் பெருக்குங்கள். விடையை அடுத்த கூட்டத்தில் என் மகளிடம் கொடுங்கள். கேள்வி கேட்டவள் அவள்தானே!