சபராளி யார்? முகீம் யார்?

நம் கடலோர ஊர்களில் வெளிநாட்டில் பொருள் தேடுகிறவரைச் ‘சபராளி’ என்பார்கள். சபர் என்றால் பயணம். அவர் போய் இருபது வருடம் ஆகியிருக்கும். அங்கே கடையும் வீடும் இருக்கும். ஆனாலும் வீட்டார் வாயில் அவர் சபரில்தான் இருக்கிறார். பேச்சு வழக்கில் இது குற்றமல்ல. பிரிந்திருப்போரின் ஏக்கம் அந்தச் சொல்லில் இருக்கிறது. ஆனால், ‘நான் சபராளிதானே’ என்று வருடக்கணக்கில் ளுஹரையும் அஸரையும் இஷாவையும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கித் தொழுகிறவர்கள் இருக்கிறார்கள். சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது.

ஊர் விட்டு ஊர் போனவர்களுக்கு மார்க்கச் சட்டத்தில் ஒரே பெயர் இல்லை. வழியில் இருப்பவர் முஸாபிர். ஓரிடத்தில் தங்க நிய்யத் செய்து தங்கிவிட்டவர் முகீம். இனி இதுவே என் ஊர் என்று நிலைத்துவிட்டவர் முதவத்தின். கஸ்ருச் சலுகை இம்மூவரில் முதலாமவருக்கு மட்டுமே.

முஸாபிர் எப்போது முகீம் ஆகிறார்? ஷாபிஈ மத்ஹபில், வந்து சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக முழுதாக 4 நாட்கள் தங்க நாடினால் முகீம். ஹனபி மத்ஹபில் 15 நாட்கள். இரண்டு வருட ஒப்பந்தத்தில் துபாய்க்கோ ஜித்தாவுக்கோ போகிறவர் எந்தக் கணக்கில் பார்த்தாலும் வேலை பார்க்கும் ஊரில் இறங்கியதுமே முகீம்தான். நான்கு ரக்அத்தையும் முழுமையாகத் தொழ வேண்டும். சபரைக் காரணம் காட்டி ரமளான் நோன்பைப் பிற்போடவும் அவருக்கு வழியில்லை. நாள் வரம்பு கிடையாது என்று சொன்ன அறிஞர்கள் உண்டு. எனினும் நான்கு மத்ஹபுகளின் தீர்ப்பு அதுவல்ல. இதுவரை சுருக்கித் தொழுதவர்கள் கணக்கிட்டுக் களாச் செய்வதே நம் இரு மத்ஹபுகளின்படியும் கடமை. மலைக்க வேண்டாம், ஒவ்வொரு பர்ளோடும் ஒன்றாகச் சேர்த்துத் தொழுது வரலாம்.

இந்த 4 நாள் கணக்கு எங்கிருந்து வந்தது? அதை அறிய முஹாஜிர் என்ற சொல்லிடம் போக வேண்டும். கி.பி. 622-இல் மார்க்கத்துக்காக மக்காவைத் துறந்து மதீனா சென்ற ஸஹாபாக்களே முஹாஜிர்கள். துறந்த ஊரில் மீண்டும் குடியேற அவர்களுக்கு அனுமதியில்லை. ஹஜ்ஜுக் கிரியைகள் முடிந்தபின் மக்காவில் மூன்று நாட்கள் தங்கலாம் என்று மட்டும் நபி (ஸல்) அவர்கள் விட்டுக்கொடுத்தார்கள். அப்படியானால் மூன்று நாள் தங்குவது குடியிருப்பாகாது, அதற்கு மேற்பட்டதே குடியிருப்பு என்று ஷாபிஈ இமாம்கள் விளங்கினார்கள்.

ஸஃது பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 10-இல் ஹஜ்ஜத்துல் விதாவின்போது மக்காவில் கடும் நோயுற்றார்கள். அவர்களின் கவலையைப் பாருங்கள்: துறந்து போன ஊரிலேயே இறந்துவிடுவோமோ என்ற அச்சம்! பிறந்த ஊர்தான் அது. நாமோ பிறந்த மண்ணில் உயிர் பிரிய வேண்டுமென்று ஏங்குகிறோம். அவர்கள் குணமடைந்து, பின்னர் இராக்கில் காதிஸிய்யாப் போருக்குத் தளபதியானார்கள். மக்காவிலேயே இறந்துவிட்ட மற்றொரு ஸஹாபி ஸஃது பின் கவ்லா (ரலி) அவர்களுக்காக நபி (ஸல்) அவர்கள் வருந்தினார்கள். சம்பளத்துக்காகக் கடல் கடந்தவரை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை. ஹலாலான சம்பாத்தியத்துக்கு நன்மை உண்டு, அது வேறு.

மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8-இல், நபி (ஸல்) அவர்கள் அங்கே 19 நாட்கள் கஸ்ராகத் தொழுததை இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கிறார்கள். பிறந்த ஊரில் பயணியாக! மதீனா வதனாகிவிட்டபின் மக்கா வதனல்ல என்பதற்கு ஹனபி இமாம்கள் இதை ஆதாரமாகக் கொள்வர். நிரந்தர ஊரை மற்றொரு நிரந்தர ஊர்தான் நீக்கும். வேலைக்காகத் தங்கும் ஊர் நீக்காது.

இதனால் வீட்டிலுள்ளோர் கவனிக்க வேண்டியது: மனைவி மக்களை ஊரில் விட்டுச் சென்றவர் மூன்று நாள் விடுப்பில் வந்தாலும் தன் ஊரில் முஸாபிரல்லர், முழுமையாகத் தொழ வேண்டும். குடும்பத்தோடு மலேசியாவிலேயே நிலைத்துவிட்டவரின் மகன், அங்கேயே பிறந்தவன், பாட்டியைப் பார்க்க மூன்று நாள் வந்தால் அவன் முஸாபிர். தனித்துத் தொழுதால் கஸ்ரு செய்யலாம். பள்ளியில் உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கையும் தொழ வேண்டும்.

இன்னுமொன்று ஜும்ஆ. ஷாபிஈ மத்ஹபில் முகீம் மீது ஜும்ஆ கடமை. ஆனால் அது நிறைவேறத் தேவையான 40 பேரில் அவர் சேரமாட்டார். அந்த 40 பேரும் முதவத்தின்களாக இருக்க வேண்டும். எனவே பாலைவனத் தொழிலாளர் முகாமில் நாற்பதுக்கு மேல் ஆட்கள் இருந்தாலும், ஷாபிஈகள் தாங்களாகவே அங்கு ஜும்ஆ நடத்திவிடக் கூடாது. பக்கத்து ஊர்ப் பள்ளிக்குப் போக வேண்டும். பாங்கு ஓசை எட்டாத தூரமானால் ளுஹர் தொழ வேண்டும். ஹனபி மத்ஹபில் எண்ணிக்கை குறைவு, இமாம் நீங்கலாக மூவர் போதும். ஆனால் அந்த இடம் ஊருக்கு உட்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதை அந்தப் பகுதி ஆலிமிடமே கேட்டுக்கொள்ளவும்.