இரண்டு மில்லிமீட்டர் போதும்

கூரியர் பெட்டியைச் சாவியால் கிழிப்பதும், அரிசி மூட்டைத் தையலைப் பல்லால் இழுப்பதும், ரயிலில் வாங்கிய மாம்பழத்தை அப்படியே கடித்துச் சட்டையெல்லாம் சாறு வழியவிடுவதும் நம் ஊரில் சகஜம். பையில் ஒரு சின்ன மடக்குக் கத்தி இருந்தால் மூன்றும் நிமிட வேலை. ஆனால் கத்தி வாங்கப் போகிறவர்கள் கடைக்குள் நுழைந்ததும் இதையெல்லாம் மறந்துவிட்டு, காட்டில் கரடியோடு மல்லுக்கட்டப் போகிறவர்கள் மாதிரி ஒன்றை வாங்கி வருகிறார்கள். கறுப்புப் பூச்சு, பிடியில் மண்டையோடு, அலகின் முதுகில் ரம்பப்பல், போதாக்குறைக்குக் கார் கண்ணாடி உடைக்க ஒரு முனை. ஒரு வெள்ளரிக்காயைக் கொடுத்து நறுக்கச் சொல்லுங்கள். நறுக்காது, பிளக்கும்.

வாங்குவதற்கு முன் ஒரு வாரம், கத்தி கையில் இருந்திருந்தால் எதையெல்லாம் வெட்டியிருப்பீர்கள் என்று கவனித்துப் பாருங்கள். பார்சல் மட்டும்தான் என்றால் மடக்குக் கத்தியே வேண்டாம். ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் கட்டர் போதும். மழுங்கினால் நுனியை ஒடித்துப் போட்டுவிட்டு அடுத்த துண்டை நீட்டிக்கொள்ளலாம். 1956-ல் ஜப்பானின் ஒசாகாவில் யோஷியோ ஒகாடா என்பவர், சாக்லேட் கட்டியை வரிவரியாக ஒடிக்கும் விதத்தைப் பார்த்து உண்டாக்கிய ஏற்பாடு அது. அட்டைக்கும் காகிதத்துக்கும் இன்றுவரை அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. பழம், காய், சணல் கயிறு, சொட்டுநீர்க் குழாய், வயரின் மேலுறை என்று வேலை விரியும்போதுதான் கட்டர் திணறும். அலகு ஆடும், வளையும். மாம்பழச் சாறு உள்ளே இறங்கிவிட்டால் கழுவுவதும் கஷ்டம். அங்கே மடக்குக் கத்திக்கு வேலை வருகிறது.

என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது அலகின் தடிமனைப் பற்றித்தான். கூர் என்பது ஓரத்தில் இருக்கும் மிகக் குறுகிய ஒரு வரி. அந்த வரி பொருளுக்குள் இறங்கியதும் அதன் பின்னாலேயே அலகின் உடம்பும் இறங்கியாக வேண்டும். உடம்பு தடித்திருந்தால் எவ்வளவு கூராக்கினாலும் பாதியில் சிக்கிக்கொண்டு நிற்கும். கேரட்டில் இது நன்றாகத் தெரியும். மெல்லிய அலகு சத்தமில்லாமல் போகும். தடித்த அலகு பாதி தூரம் போனதும் கேரட் ‘டப்’பென்று உடையும். முதுகுப் பக்கம் இரண்டு மில்லிமீட்டர், அதிகம் போனால் இரண்டரை. அன்றாட வேலைக்கு அதற்கு மேல் தேவையே இல்லை. நான்கு மில்லிமீட்டர் அலகு நெம்புகோலாகத்தான் உதவும். கத்தியை வைத்து நெம்புகிற பழக்கம் இருந்தால், தயவுசெய்து ஒரு ஸ்க்ரூடிரைவர் வாங்கிக்கொள்ளுங்கள்.

நீளம் ஆறிலிருந்து எட்டு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஆப்பிளை இரண்டாக்க அது போதும். அதைவிட நீண்டால் பையில் உறுத்தும், பார்க்கிறவர்கள் கண்ணையும் உறுத்தும்.

அடுத்தது இரும்பு. மலிவுக் கத்தியின் பெட்டியில் ‘சர்ஜிகல் ஸ்டீல்’ என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. ‘440’ என்று வெறும் எண் இருந்தாலும் அப்படித்தான். அதில் ஏ, பி, சி என்று மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் கரிமத்தின் அளவு வேறு. எந்த எஃகு என்று முழுப் பெயரையும் சொல்ல முடியாத நிறுவனத்துக்குப் பணம் கொடுக்காதீர்கள். சீனக் கத்திகளில் 8சிஆர்13எம்ஓவி என்று பார்த்தால் பயப்பட வேண்டாம். சுமார் 0.8 சதவீதம் கரிமம், 13 சதவீதம் குரோமியம் என்பதைத்தான் அந்தப் பெயரே சொல்கிறது. மலிவு விலைக்கு நல்ல எஃகு. கல்லில் சீக்கிரம் கூரேறும். 3சிஆர்13 என்றிருந்தால் கரிமம் குறைவு, கூர் நிற்காது. டி2 என்ற எஃகை இப்போது பலரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். கூர் நெடுநாள் நிற்கும், உண்மைதான். ஆனால் அதில் உள்ள குரோமியத்தில் பெரும்பங்கு கரிமத்தோடு சேர்ந்துவிடுவதால் துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கடலோரத்தில் இருப்பவர், வேர்வையில் நனைகிற பேன்ட் பாக்கெட்டில் அதை வைத்தால் மூட்டுப் பக்கத்தில் பழுப்புப் புள்ளிகளைப் பார்க்க வெகுநாள் ஆகாது.

அலகெங்கும் அலை அலையாகக் கோடு போட்டு ‘டமாஸ்கஸ்’ என்று எண்ணூறு ரூபாய்க்கு விற்பதும் உண்டு. அந்த விலைக்குக் கிடைப்பது மேலே பொறித்த கோலம்தான். டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது. ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் உருக்கு உலைகளின் தடயங்களைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அந்த மண்ணிலிருந்து நாம் போய் லேசர் கோலத்தை வாங்குவது நல்ல தமாஷ்.

பூட்டு இருக்கும் கத்தி பாதுகாப்பு, இல்லாதது ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பூட்டு இல்லாத கத்தியில் முதுகுப் பக்கத்து ஸ்பிரிங்தான் அலகைத் திறந்த நிலையில் அழுத்திப் பிடித்திருக்கிறது. வெட்டும்போது விசை எப்போதும் கத்தியைத் திறக்கும் பக்கமாகவே போவதால் அது மடங்காது. குத்தும்போதும் துளை போடும்போதும்தான் விரல்மேல் மடங்கும். டிரம்மில் ஓட்டை போடுவது போன்ற வேலையைக் கத்தியால் செய்யாமல் இருந்தாலே பெரிய ஆபத்து விலகிவிடும். பூட்டுள்ள கத்திதான் வேண்டும் என்றால், பிடிக்குள்ளேயே ஒரு தகடு நகர்ந்து வந்து அலகின் அடியில் முட்டுக்கொடுக்கும் வகையே மலிவு விலையில் அதிகம். அதை மூடக் கற்றுக்கொள்ள வேண்டும். தகட்டைத் தள்ளுகிற கட்டைவிரல் அலகு மடங்கும் பாதையிலேயே இருக்கிறது. அலகைக் கொஞ்சம் மடக்கியதும் கட்டைவிரலை வெளியே எடுத்துவிட்டு மிச்சத்தை மடக்குங்கள். விரல் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் ஒரே வீச்சில் மூடினால், நகத்தோடு போகும்.

சரி, எதை வாங்குவது? ஆயிரத்திலிருந்து மூவாயிரம் ரூபாய் வரை செலவழிக்கத் தயார் என்று வைத்துக்கொள்கிறேன்.

எந்த யோசனையும் இல்லாமல் ஒன்றைச் சொல் என்றால் விக்டோரினாக்ஸ் கேடட். மடக்கினால் 84 மில்லிமீட்டர், எடை ஐம்பது கிராமுக்கும் குறைவு. அலுமினியப் பிடி, ஒரு அலகு, நக அரம், டப்பா திறப்பான், பாட்டில் மூடி திறப்பான், அவ்வளவுதான். விக்டோரினாக்ஸ், சுவிட்சர்லாந்தின் ஈபாக் ஊரில் 1884-ல் கார்ல் எல்ஸ்னர் தொடங்கிய பட்டறை. அதுவரை ஜெர்மனியிலிருந்து கத்தி வாங்கிக்கொண்டிருந்த சுவிஸ் ராணுவத்துக்கு 1891-ல் அவர்கள் கொடுக்கத் தொடங்கினார்கள். இவர்களுடைய எஃகின் கடினம், அதை அளக்கும் ராக்வெல் அளவுகோலில் 56தான். இன்றைய விலையுயர்ந்த கத்திகளோடு ஒப்பிட்டால் மென்மைதான். சீக்கிரம் மழுங்கும், அதே வேகத்தில் கூரும் ஏறும். கல் பிடிக்கத் தெரியாதவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. சிவப்புப் பிடி போட்ட பெரிய மாடல்களில் கத்தரிக்கோல், ரம்பம் எல்லாம் வரும். கத்தரிக்கோல் நிஜமாகவே உதவும். மற்றவற்றுக்காகப் பையைக் கனமாக்கிக்கொள்ள வேண்டாம்.

சமையல், பழம், தோட்டம் என்று அதிகம் புழங்குபவருக்கு ஓப்பினெல் 8-ஆம் எண். பிரான்சின் சவ்வா மலைப்பகுதியில் 1890-ல் ஜோசப் ஓப்பினெல் செய்த விவசாயிக் கத்தி. பீச் மரப்பிடி, எட்டரை சென்டிமீட்டர் அலகு, கழுத்தில் சுழலும் உலோக வளையம். நான் சொன்ன எட்டுக்கு அரை சென்டிமீட்டர் கூடுதல்தான், ஆனால் இந்த மெல்லிசுக்காக அதை மன்னிக்கலாம். அந்த வளையப் பூட்டு 1955-ல் வந்தது. வெட்டும் சுகத்தில் இந்த விலைக்கு இதை மிஞ்சியது கிடையாது. இரண்டு வகை எஃகில் வருகிறது; துருப்பிடிக்காததையே கேட்டு வாங்குங்கள். கார்பன் ஸ்டீல் அலகு ஒரு மாங்காயை நறுக்கிவிட்டுத் துடைக்க மறந்தால் கறுத்துப்போகும். குறையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மரப்பிடி ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொள்ளும், அலகை வெளியே இழுக்கவே முடியாது. அப்போது நகத்தைக் கொடுத்து மல்லாடாமல், வளையத்தைத் திருப்பிவிட்டு, பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள். அலகின் நுனி வெளியே எட்டிப் பார்க்கும். சவ்வாக்காரர்கள் திறப்பதும் அப்படித்தான்.

இரண்டுக்குமே போலிகள் சந்தையில் உண்டு. விலை சந்தேகப்படும் அளவுக்குக் குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கடையில் கத்தியைக் கையில் வாங்கியதும் முதலில் மூடிய நிலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். அலகு நடுவில் நிற்க வேண்டும், பக்கத்துத் தகட்டை உரசக் கூடாது. முதுகுப் பக்கத்து ஸ்பிரிங்குக்கும் பிடிக்கும் இடையே வெளிச்சம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். திறந்து, அலகை இரண்டு விரலால் பிடித்து இட வலமாக அசைத்தால் ஆடக் கூடாது. அலகின் அடியில் பொறித்திருக்கும் நிறுவனப் பெயர் மங்கலாக, கோணலாக இருக்கக் கூடாது. பூட்டுள்ள கத்தியானால், மடங்கும் பாதையில் விரல் எதுவும் இல்லாமல் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மேசை விளிம்பில் வைத்து மெல்ல அழுத்துங்கள். பூட்டு நழுவினால் பேச்சுக்கே இடமில்லை. ஆன்லைனில் வாங்குகிறவர்கள், பெட்டி வந்த அன்றே இதையெல்லாம் செய்து பார்த்துவிடுவது நல்லது, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள்.

சட்டம் என்ன சொல்கிறது என்ற கேள்வி தவறாமல் வரும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்த பொருள்களை ஆயுதமாகக் கொள்வதில்லை. அதன் கீழ் வந்த விதிகளின் பட்டியலில் இருப்பது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு. நாம் பேசும் கத்தி அதன் கிட்டேகூட வராது. பொத்தானை அழுத்தினால் பாய்கிற கத்தி வேறு விவகாரம். டெல்லியில் அதற்கென்றே 1980-ல் அறிவிக்கை போட்டு, 7.62 சென்டிமீட்டருக்குக் குறையாத நீளமும் 1.72 சென்டிமீட்டருக்குக் குறையாத அகலமும் உள்ளவற்றைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அந்த வகையை எந்த ஊரிலும் வாங்காதீர்கள். வீதியில் நிறுத்தி விசாரிக்கிற காவலருக்கு அளவுகோலைவிட உங்கள் கையில் இருப்பதன் தோற்றம்தான் முதலில் பேசும். கறுப்பு மண்டையோட்டை விட்டுவிட்டு அலுமினியப் பிடியையோ மரப்பிடியையோ வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

விமானத்தில் கைப்பையில் வைத்தால் பறிமுதல்தான்; பெரிய பெட்டியோடு அனுப்பிவிடுங்கள். மெட்ரோ, நீதிமன்றம், மால் என்று பை சோதனை உள்ள இடங்களுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே இருக்கட்டும். லண்டனில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அங்கே காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடியது 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தி மட்டும்தான். கேடட் தேறும், ஓப்பினெல் வளையப் பூட்டு தேறாது.

கத்திக்கு ஒதுக்கிய பணத்தில் முந்நூறு நானூறைக் கல்லுக்கு என்று தனியாக எடுத்து வையுங்கள். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பாகவும் மறுபக்கம் நைசாகவும் உள்ள சாணைக்கல் கிடைக்கும். தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் அரிவாளைக் கொடுங்கள், இதைக் கொடுக்க வேண்டாம். தண்ணீர் இல்லாமல் வேகமாகச் சுழலும் சக்கரத்தில் மெல்லிய அலகு சூடேறி நீலம் பாய்ந்தால், அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு என்ன தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது.

கல்லை நனைத்து, அலகைப் படுக்க வைத்து, முதுகை அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குத் தூக்குங்கள். ஏறக்குறைய 20 பாகைக் கோணம் அது. கல்லின் மேல்தோலைச் சீவுவது போல, கூர் முன்னே போக, அடியிலிருந்து நுனிவரை இழுங்கள். அழுத்த வேண்டாம். சில இழுப்புக்குப் பிறகு மறுபக்கத்தில் கூரிலிருந்து வெளிப்பக்கமாக விரலை மெல்ல நகர்த்தினால் நெடுக ஒரு பிசிறு தட்டுப்படும். அது அடியிலிருந்து நுனிவரை வந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது. பலர் இங்கேதான் பொறுமை இழந்து பக்கம் மாற்றிவிட்டு, கல் சரியில்லை என்கிறார்கள். திருப்பி இன்னொரு பக்கமும் அப்படியே. பிறகு நைசுப் பக்கத்தில் மாறி மாறி லேசாக. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், கூர் பின்னால் வரும்படி சில தடவை இழுத்தால் மிச்சப் பிசிறும் போய்விடும். செய்தித்தாளின் ஓரத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வாரத்துக்கொரு முறை பெல்ட்டில் இழுத்தால் கல்லை அடிக்கடி எடுக்க வேண்டியிருக்காது. வெளியூரில் கல் இல்லையென்றால், பீங்கான் கோப்பையைக் கவிழ்த்தால் அடியில் மினுக்கம் இல்லாத சொரசொர வளையம் தெரியும். தற்காலிகமாக அதில் தீட்டிக்கொள்ளலாம்.

டேப் வெட்டி அலகில் பசை ஒட்டியிருந்தால் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். மூட்டுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாவட்டத்தில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். அங்கே ஒரு சொட்டு தையல் மிஷின் எண்ணெய் விட்டு, நாலு தடவை திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்த பிறகு பழம் நறுக்குங்கள்.