தீப்பொறி வரும் நேரம்

மும்பையில் ஒரு காலத்தில் டாக்சி என்றால் பிரீமியர் பத்மினிதான். கறுப்பும் மஞ்சளுமான கார். குர்லாவில் இருந்த ஆலையில் தயாரானது. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என எங்கும் ஓடியது. டாக்சிக்கு 20 ஆண்டு வயது வரம்பு உண்டு. அதனால் 2023 அக்டோபரில் கடைசி பத்மினி டாக்சியும் நின்றது. சிலர் சொந்தக் காராக இன்றும் வைத்திருக்கிறார்கள்.

இதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள் உண்டு. சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே ஏறும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவையை அழுத்தும். பிளக்கில் தீப்பொறி வரும். கலவை எரியும். பிஸ்டன் வேகமாகக் கீழே இறங்கும். வண்டி ஓடும்.

பொறி சரியான நேரத்தில் வர வேண்டும். இதுதான் டைமிங். கலவை எரியச் சிறிது நேரம் ஆகும். ஆகவே பிஸ்டன் உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொறி வர வேண்டும்.

பொறி மிகவும் முந்தினால் என்ன ஆகும்? மேடு ஏறும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்கும். நாளடைவில் பிஸ்டன் கெடும்.

பொறி பிந்தினால் என்ன ஆகும்? இழுவை குறையும். எஞ்சின் சூடாகும். பெட்ரோல் வீணாகும்.

இழுவை குறைந்தால் சிலர் உடனே கார்புரேட்டரை மாற்றுவார்கள். பணம் போகும். குறை அப்படியே இருக்கும். வரிசையாகப் பார்ப்பதே நல்லது.

1. சாவியை அணைக்க வேண்டும். கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். கைப்பிரேக் போட வேண்டும்.

2. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே இரண்டு சிறு உலோக முனைகள் இருக்கும். அவைதான் பாயிண்ட். அவை பிரியும் நொடியில் பொறி வரும். பாயிண்டைத் தள்ளும் சிறு கட்டை தேய்ந்தால் இடைவெளி குறையும். பொறியும் பிந்தும். முனை கருகியிருந்தால் பாயிண்டை மாற்ற வேண்டும்.

3. இடைவெளியை அளக்க வேண்டும். அது அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும்.

4. டைமிங் வைப்பது கடைசி வேலை. டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது சிறிதாகத் திருப்பி, அடையாளக் கோட்டுக்குச் சரியாக வைக்க வேண்டும். பிறகு போல்ட்டை இறுக்க வேண்டும்.

பாயிண்டைத் தொட்டால் டைமிங்கும் மாறும். டைமிங்கை முதலில் வைத்தால் வேலை இரண்டாகும்.

விடை எழுதுங்கள்

1. பொறி பிந்தினால் என்ன ஆகும்?
2. பாயிண்ட் இடைவெளி ஏன் குறைகிறது?
3. டைமிங்கை ஏன் கடைசியில் வைக்க வேண்டும்?